குருதிக் குழாய் முளைப்பதும் அடங்குவதும்



கலைப் பட்டதாரியாகிய நான் இன்று விஞ்ஞானப் பொருளொன்றைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். தமிழும் வரலாறும் கற்பித்துத் தலை நரைத்தவன் நான். 'இவருக்கு இவ்வேலை எதற்கு?' என்று உங்களுட் சிலர் நினைத்தல் கூடும். அதற்குக் காரணம் என் இடது கண்.

சென்ற ஆண்டிலே ஒருநாட் காலை, பாடசாலையில் வரவுப் பதிவேட்டை நோக்கிக்கொண்டிருந்தபோது, ஏட்டின் மேலே புகைக்கரி பறப்பதுபோல ஏதோ தோன்றிற்று. கையால் விலக்கினேன்; விலகவில்லை. மறுநாள் அக்கரி ஒரு திரைபோல் விரிந்தது. எனக்குப் பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளும்படி வைத்தியர்கள் பன்முறை கூறியும், 'பார்வை நன்றாகத்தானே இருக்கின்றது' என்று காலங் கடத்திவந்தேன். பிழை என்னுடையதே.

கண் வைத்தியர் நெடுநேரம் உற்றுநோக்கிய பின், "ஐயா, உங்கள் விழித்திரையிலே புதிய குருதிக் குழாய்கள் முளைத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று கிழிந்து குருதி கசிந்துவிட்டது" என்றார். "புதிய குழாய்கள் முளைப்பது நன்மையன்றோ?" என்று கேட்டேன். அவர் புன்னகை செய்து, "வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் முளைத்தால் நன்மைதான்" என்றார். பின்னர்க் கண்ணுக்குள்ளே ஏற்றும் ஊசிமருந்தைக் காட்டி, "இம்மருந்து நம் உடம்பின் கலங்களில் இருக்கும் வாங்கிகளின் துண்டுகளைப் பொருத்திச் செய்யப்பட்டது" என்றும் கூறினார்.

வாங்கி என்னும் அச்சொல் என் மனத்தைப் பற்றிக்கொண்டது. எங்கள் பாடசாலையின் உயிரியல் ஆசிரியரிடம் நூல்களை இரவல் பெற்று, நல்ல கண்ணால் வாசித்தேன். அவ்வாறு நான் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

குருதி உடலெங்கும் சுற்றிவருகின்றது என்பதை, இங்கிலாந்து தேசத்து வைத்தியர் வில்லியம் ஹாவி 1628 ஆம் ஆண்டில் நூலெழுதி நிறுவினார். ஆயின், நாடிகளின் வழியே சென்ற குருதி நாளங்களை எவ்வழியாற் சென்றடைகின்றது என்பதை அவர் கண்ணாற் கண்டாரல்லர். 1661 ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் மார்ச்செல்லோ மல்பிகி, தவளையின் நுரையீரலை நுணுக்குக்காட்டியால் நோக்கி, இரண்டையும் இணைக்கும் மயிர்த்துளைக் குழாய்களைக் கண்டார். பெருந்தெருவிலிருந்து ஒழுங்கைகள் பிரிந்து ஒவ்வொரு வீட்டுப் படலைக்கும் செல்வதுபோல, இக்குழாய்கள் உடம்பின் ஒவ்வொரு மூலைக்கும் செல்கின்றன. ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கினுங் குறுகிய இக்குழாய்களிலே செங்குருதிக் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்லுதல் கூடும். இவற்றின் சுவர் ஒரே ஒரு கலத்தின் தடிப்புடையது. அச்சுவராக அமைந்த கலங்களை அகவணிக் கலங்கள் என்பர். இன்றைய பேச்சின் கதாநாயகர்கள் இவர்களே.

ஒட்சிசன் குழாயிலிருந்து கசிந்து நெடுந்தூரம் செல்லவல்லதன்று. மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. அவ்வளவே அதன் பயணம். ஆகவே ஓர் இழையம் வளர வேண்டுமாயின், அதனுடன் குருதிக் குழாய்களும் வளர்ந்தாக வேண்டும். தாயின் வயிற்றிலே சிசு வளரும்போதும், புண் ஆறும்போதும், பெண்களின் கருப்பையில் மாதந்தோறும் உள்ளணி புதுப்பிக்கப்படும்போதும் புதிய குழாய்கள் முளைக்கின்றன. மற்றைக் காலங்களிலே, வளர்ந்தோர் உடம்பின் அகவணிக் கலங்கள் பெரும்பாலும் பெருகாது, பல்லாண்டு அமைதியாகவே இருக்கின்றன.

அமைதியாக இருக்கும் கலத்தை எழுப்புவது யாது? எழுந்ததை அடக்குவது யாது? இவ்விரு வினாக்களுமே நாம் ஆராய வேண்டியவை.

முதல் வினாவை வன்மையாக எழுப்பியவர் ஜூடா போக்மன் என்னும் அமெரிக்கச் சத்திரசிகிச்சை வைத்தியர். 1960 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் கடற்படை ஆய்வுகூடமொன்றிற் பணியாற்றியபோது, உடம்பிலிருந்து பிரித்தெடுத்து உயிருடன் பேணிய சுரப்பிகளிலே புற்றுநோய்க் கலங்களை அவர் வைத்துப் பார்த்தார். கட்டிகள் ஓரிரு மில்லிமீற்றர் அளவுக்கு வளர்ந்து நின்றுவிட்டன. அக்கட்டிகளுக்குள்ளே புதிய குருதிக் குழாய்கள் முளைத்திருக்கவில்லை. அதே கலங்களை உயிருள்ள சுண்டெலியில் வைத்தபோது, அவை குழாய்களைப் பெற்று விரைந்து வளர்ந்தன. இதிலிருந்து, கட்டியானது ஏதோ ஒரு தூதுப் பொருளை அனுப்பி, அயலிலுள்ள குருதிக் குழாய்களைத் தன்பால் அழைக்கின்றதென்றும், அத்தூதைத் தடுத்தாற் கட்டி பட்டினி கிடக்குமென்றும் 1971 ஆம் ஆண்டில் அவர் எழுதினார். பலர் நம்பவில்லை. பல ஆண்டுகள் அவர் ஏளனத்தைப் பொறுக்க நேர்ந்தது.

தூது இருபுறத்திலிருந்து அகப்பட்டது. 1983 ஆம் ஆண்டில் பொஸ்டன் நகரில் டொனால்ட் செங்கர், ஹரல்ட் டிவோராக் முதலியோர், குருதிக் குழாயின் சுவரைக் கசியச் செய்யும் ஒரு புரதத்தைக் கட்டிகளிலிருந்து வரும் நீரிற் கண்டனர். 1989 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் நப்போலியோன் பெராரா என்பாரும் அவருடைய துணைவரும், பசுவின் கபச்சுரப்பிக் கலங்களிலிருந்து, அகவணிக் கலங்களைப் பெருகச் செய்யும் ஒரு புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். ஆராய்ந்து பார்த்தபோது இரண்டும் ஒன்றே எனப் புலனாயிற்று. அதனைக் குருதிக்குழாய் அகவணி வளர்ச்சிக் காரணி என்பர். நாம் சுருக்கமாக வளர்ச்சிக் காரணி என்போம்.

இதை அனுப்புபவர் யார்? ஒட்சிசன் பற்றாது வாடுங் கலமே. ஒட்சிசன் போதியவளவு இருக்கும்போது, கலத்திலுள்ள ஓர் உணர்வுப் புரதம் ஆக்கப்பட்டவுடனேயே அழிக்கப்பட்டுவிடுகின்றது. ஒட்சிசன் குறைந்தால் அஃது அழியாது நின்று, கலத்தின் கருவினுட் புகுந்து, வளர்ச்சிக் காரணியை ஆக்கும் பரம்பரையலகை இயக்குகின்றது. இந்நுட்பத்தைக் கண்டறிந்தமைக்காக வில்லியம் கேலின், பீற்றர் ரற்கிளிப், கிரெக் செமென்சா ஆகிய மூவரும் 2019 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

இனி வாங்கிக்கு வருவோம். அதிபராக இருப்பவனுக்கு இதை விளங்கிக்கொள்ளுதல் கடினமன்று. கல்விப் பகுதியிலிருந்து ஒரு சுற்றுநிருபம் புறப்படுகின்றது. புறப்பட்டமையால் மட்டும் பாடசாலையில் ஏதும் நிகழ்ந்துவிடுமா? அதனை வாங்குவதற்கு ஒருவர் இருத்தல் வேண்டும். வாங்கியவர் உள்ளே அறிவித்தல் வேண்டும். அதன்பின்னரே வேலை தொடங்கும். வளர்ச்சிக் காரணியும் கலத்தின் உள்ளே புகுவதன்று. கலத்தைச் சூழ்ந்த மென்சவ்விலே, ஒரு தலை வெளியேயும் ஒரு கால் உள்ளேயுமாக ஊடுருவி நிற்கும் புரதங்கள் உள. அவையே வாங்கிகள். வெளித்தலை தூதைப் பிடிக்கும். உட்கால் செய்தியை அறிவிக்கும்.

வளர்ச்சிக் காரணி இரட்டையான உருவமுடையது. ஆதலின் ஒரே வேளையில் இரண்டு வாங்கிகளைப் பற்றி, அவற்றை அருகருகே கொணர்கின்றது. அவ்வாறு நெருங்கியதும், ஒன்றன் உட்கால் மற்றதன் உட்காலிற் பொசுபேற்றுத் துணுக்குகளைப் பதிக்கின்றது. கடிதத்தில் முத்திரை குத்துவது போன்ற செயல் இது. முத்திரை பதிந்ததும் கலத்தினுள்ளே வேலைகள் தொடர்கின்றன. அகவணிக் கலம் தன் அயலாருடன் கோத்திருந்த கையைத் தளர்த்துகின்றது, அடியிலுள்ள தளத்தைக் கரைக்கின்றது, தூது வந்த திசையை நோக்கி நகர்கின்றது, பிரிந்து பெருகுகின்றது.

இக்காரணியை வாங்குவன முக்கியமாக இரண்டு. மூன்றாவதும் உண்டு, அது பெரிதும் நிணநீர்க் குழாய்களுக்குரியதாகலின் அதனை விடுத்துச் செல்வோம். முதலாம் வாங்கியை 1990 ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் மசாபூமி சிபுயாவும் அவர் குழுவினரும் கண்டுபிடித்தனர். அது வளர்ச்சிக் காரணியைப் பற்றுவது என்பது 1992 இல் தெரியவந்தது. இரண்டாம் வாங்கியைப் பற்றியும் அதே ஆண்டில் அவ்வாறு தெளிவாயிற்று.

இங்கேதான் வியப்பு. முதலாம் வாங்கி, இரண்டாம் வாங்கியைக் காட்டிலும் ஏறக்குறையப் பத்து மடங்கு இறுக்கமாக வளர்ச்சிக் காரணியைப் பற்றுகின்றது. ஆனால் பற்றிய பின் உள்ளே அது குத்தும் முத்திரையோ மிகவும் மங்கலானது. வேலை செய்வது பெரும்பாலும் இரண்டாம் வாங்கியே. சுற்றுநிருபத்தை ஓடிவந்து முதலில் வாங்கி, கோப்பிலே இட்டுவிட்டு, வாளாவிருக்கும் ஓர் எழுதுவினைஞரை எண்ணிப் பாருங்கள். அத்தகையவரை நாம் குறைகூறுவோம். இவ்வாறு சோம்பியிருக்கும் வாங்கி உடம்புக்கு எதற்கு?

1995 ஆம் ஆண்டில் கனடாவின் ரொறன்ரோ நகரிலே ஜனெற் ரொசன்ற் முதலிய ஆய்வாளர்கள் இவ்வினாவுக்கு விடை தேடினர். ஒரு பரிசோதனையில், இரண்டாம் வாங்கி இல்லாத சுண்டெலி முளையங்களை உண்டாக்கினர். அவற்றிலே குருதிக் குழாய்கள் அமையவே இல்லை. கருவில் ஒன்பதாம் நாளை அண்டி அவை இறந்தன. இது எதிர்பார்க்கத்தக்கதே. மற்றொரு பரிசோதனையில் முதலாம் வாங்கியை நீக்கினர். அம்முளையங்களும் ஏறக்குறைய அதே காலத்தில் இறந்தன. ஆயின் அவை குழாய் இன்றி இறந்தவையல்ல. அகவணிக் கலங்கள் உண்டாகியிருந்தும், ஒழுங்கான குழாய்களாக அமையாது தாறுமாறாகத் திரண்டு கிடந்தன. அக்கலங்கள் அளவுக்கு மிஞ்சிப் பெருகியமையே இதற்குக் காரணமென்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஒன்று முளைக்காமையால் வந்த சாவு. மற்றது அடங்காமையால் வந்த சாவு.

சிபுயாவின் குழுவினர் 1998 ஆம் ஆண்டில் இன்னும் நுட்பமான ஒரு பரிசோதனை செய்தனர். முதலாம் வாங்கியின் வெளித்தலையை வைத்துக்கொண்டு, முத்திரை குத்தும் உட்பகுதியை மட்டும் நீக்கினர். அச்சுண்டெலிகள் பிறந்தன, வளர்ந்தன, அவற்றின் குருதிக் குழாய்களும் செம்மையாகவே இருந்தன. இதனால் விளங்குவது யாது? கருவிலே இவ்வாங்கியின் தலையாய தொழில், செய்தியை உள்ளே சொல்வதன்று; தூதைப் பிடித்து வைத்துக்கொள்வதே. மிகையாக வந்த காரணியை இஃது ஏற்று அடக்குவதால், இரண்டாம் வாங்கிக்கு வேண்டிய அளவே சென்று சேர்கின்றது. நாம் சோம்பர் என்று எண்ணிய எழுதுவினைஞர், உண்மையில் அலுவலகத்தைக் காப்பவர்.

குழாய் முளைக்கும் முறையிலும் இத்தகைய அடக்கம் ஒன்றுண்டு. தூது வந்ததும் எல்லா அகவணிக் கலங்களும் ஒருங்கே புறப்பட்டால், குழாய்ச் சுவரே சிதைந்துவிடும். ஆதலின் ஒரு கலம் தலைமை ஏற்று முன்னே செல்ல, ஏனையவை அதன் பின்னே தண்டாக நீளுகின்றன. தலைமைக் கலம் மெல்லிய விரல்களை நீட்டி, வளர்ச்சிக் காரணி மிகுந்த திசையைத் தடவித் தடவிச் செல்கின்றது. தலைவர் எவ்வாறு தெரிவு செய்யப்படுகின்றார்? அதற்கும் வாங்கியே துணை. நொட்ச் என்பது அதன் பெயர். பழ ஈயின் இறகோரத்தில் வெட்டுப்போன்ற வடுவை உண்டாக்கிய ஒரு மாற்றத்தால் இப்பெயர் அதற்கு வந்தது. வளர்ச்சிக் காரணியை மிகுதியாக உணர்ந்த கலம், தன் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நிறுத்தி, அயற்கலத்தின் நொட்ச் வாங்கியைத் தொடுகின்றது. தொடப்பட்ட கலம் தன்னிடமுள்ள இரண்டாம் வாங்கியைக் குறைத்து, முதலாம் வாங்கியைக் கூட்டிக்கொள்கின்றது. அதனால் அதற்குத் தூதின் ஓசை மெலிதாகக் கேட்கின்றது. அது பின்னே நிற்கின்றது.

இந்தத் தொடுகையைத் தடுத்தால் என்ன நேரும்? 2006 ஆம் ஆண்டில் சுண்டெலிகளின் புற்றுநோய்க் கட்டிகளிலே அவ்வாறு செய்து பார்த்தனர். எல்லாக் கலங்களுந் தலைவராகிவிட்டன. குழாய்கள் புதர்போல் முளைத்தன. ஆயினும் அவற்றினூடே குருதி செவ்வனே ஓடவில்லை. குழாய்கள் பெருகியும் கட்டி பட்டினி கிடந்தது. வகுப்பிலுள்ள மாணவர் அனைவரையும் வகுப்புத் தலைவராக்கினால் என்ன நிகழும் என்பதை ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி, மென்சவ்விற் பொருந்தாது தனியே மிதக்கும் வாங்கி ஒன்றும் உண்டு. முதலாம் வாங்கியின் வெளித்தலை மட்டும், கால் இன்றி, கலத்தினின்று வெளியே விடப்படுவதே அது. நம் கண்ணின் முன்புறத்தில் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் படலத்தை எண்ணுங்கள். அதிற் குருதிக் குழாயே இல்லை. இருந்தால் ஒளி தடையின்றி உட்புக மாட்டாது. வளர்ச்சிக் காரணி அங்கும் உண்டு. ஆயினும் குழாய் முளைப்பதில்லை. அப்படலத்திலே இந்த மிதக்கும் வாங்கி இருந்து காரணியைப் பிடித்துவைப்பதே அதற்குக் காரணமென்பது 2006 ஆம் ஆண்டில் சுண்டெலிகளிற் காட்டப்பட்டது. நாம் தெளிவாகக் காண்பதற்கு, வாங்கிச் செயற்படாதிருக்கும் ஒரு வாங்கியும் துணைநிற்கின்றது.

அடக்கமும் அளவு மிஞ்சலாகாது. கருவுற்ற பெண்கள் சிலருக்குக் குருதியமுக்கம் உயர்ந்து, சிறுநீரிலே புரதம் வெளியாகி, தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து விளைவதுண்டு. அவர்களுடைய சூல்வித்தகத்திலிருந்து மிதக்கும் வாங்கி அளவிறந்து வெளியாவதை 2003 ஆம் ஆண்டில் அனந்த் கருமாஞ்சி முதலியோர் காட்டினர். அது தாயின் குருதியிற் கலந்து, அவள் குழாய்களுக்கு வேண்டிய காரணியைப் பறித்துவிடுகின்றது. மிகினும் நோய், குறையினும் நோய்.

இவ்வறிவு மருந்தாக மாறிய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். வளர்ச்சிக் காரணியைப் பிடிக்கும் பெவசிசுமப் என்னும் பிறபொருளெதிரி, 2004 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் பெருங்குடற் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்டது. நோய் பரவியவர்களின் வாழ்நாள், வழக்கமான மருந்தோடு இதனையும் சேர்த்தபோது, நடுக்கணக்காக 15.6 மாதங்களிலிருந்து 20.3 மாதங்களாக நீண்டது. ஐந்து மாதம் சிறிதன்று. ஆயினும் போக்மன் கனவு கண்ட அளவுக்கு அது பெரிதுமன்று. மார்புப் புற்றுநோய்க்கு அங்கே வழங்கப்பட்ட அனுமதி, போதிய பயன் காணாமையால் 2011 இல் மீளப்பெறப்பட்டது. கட்டியானது ஒரு வாயில் அடைபட்டால் வேறு வாயில் தேடவல்லது.

கண்ணிலே விளைந்த பயனோ பெரிது. நீரிழிவிலே, மிகுந்த வெல்லம் பல்லாண்டுகள் ஓடியமையால் விழித்திரையின் நுண்குழாய்கள் பழுதடைந்து அடைபடுகின்றன. ஒட்சிசன் பெறாத விழித்திரை உதவி கேட்டு வளர்ச்சிக் காரணியை அனுப்புகின்றது. இத்தகையோரின் கண்ணுள் நீரிலே இக்காரணி மிகுந்திருப்பது 1994 ஆம் ஆண்டில் அளந்து காட்டப்பட்டது. அகவணிக் கலத்தின் இரண்டாம் வாங்கி அதனை வாங்கித் தன் கடமையைச் செய்கின்றது. ஆனால் அவசரத்தில் எழுந்த அப்புதுக் குழாய்கள் வலுவற்றவை. விழித்திரையின் மேற்பரப்பிற் படர்ந்து, கண்ணின் நடுவே நிறைந்த பாகு போன்ற பொருளுட் புகுந்து, எளிதிற் கிழிகின்றன. வடு உண்டானால் விழித்திரையையே பிடுங்கிவிடுகின்றன.

முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதியைக் கெடுக்கும் வேறொரு நோயிலும் இவ்வாறே தீய குழாய்கள் முளைப்பதுண்டு. அதற்கு ரனிபிசுமப் என்னும் மருந்தைக் கண்ணினுள் ஏற்றி ஆராய்ந்த முடிவு 2006 இல் வெளிவந்தது. ஓராண்டின் பின், மருந்து பெற்றவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 95 பேர் பார்வையைப் பெரிதும் இழக்காதிருந்தனர். மருந்து பெறாதவருள் அவ்வாறிருந்தோர் ஏறக்குறைய 62 பேர். மருந்து பெற்றவருள் மூன்றிலொரு பங்கினர், பார்வைப் பலகையில் பதினைந்து எழுத்தோ அதற்கு மேலோ கூடுதலாக வாசித்தனர்.

எனக்கு ஏற்றப்பட்ட மருந்தின் பெயர் அப்பிளிபெர்செப்ற். 2011 ஆம் ஆண்டிலே கண்ணோய்க்கு முதன்முதல் அனுமதிக்கப்பட்டது. முதலாம் வாங்கியின் பற்றும் பகுதியொன்றும், இரண்டாம் வாங்கியின் பற்றும் பகுதியொன்றும் எடுத்து, மனிதப் பிறபொருளெதிரியின் தண்டொன்றிற் பொருத்தி ஆக்கப்பட்டது. கால் இல்லாமையால் அது யாருக்கும் செய்தி சொல்வதில்லை; வளர்ச்சிக் காரணியைப் பிடித்து வைத்திருப்பதே அதன் வேலை. கண்ணின் முன்படலத்தைத் தெளிவாக வைத்திருக்க இயற்கை கையாண்ட உபாயத்தையே மனிதன் கற்று, பின்புறத்து விழித்திரைக்கும் பயன்படுத்தினான் என்று சொல்லலாம்.

கண்ணுக்குள் ஊசி என்றதும் நான் அஞ்சியது உண்மை. மரக்கச் செய்யும் துளிகளை விட்ட பின், ஓர் அழுத்தம் தெரிந்ததேயன்றி நோவு பெரிதாக இருக்கவில்லை. ஒரு முறையோடு முடிவதன்று. மருந்து கரையக் கரைய மறுபடியும் செல்ல வேண்டும். திங்கள் சில கழிந்தபின் கரித்திரை விலகிற்று. ஒரு மூலையில் மட்டும் சிறு நிழல் எஞ்சியிருக்கின்றது. அது நான் கடத்திய பதினைந்து ஆண்டுகளின் கணக்கு.

நேயர்களே, நீரிழிவு உள்ளவர் நம்முட் பலர். விழித்திரையில் புதிய குழாய் முளைக்கும்போது நோவு இல்லை, பார்வை மங்குவதுமில்லை. குருதி கசிந்த பின்னரே நமக்குத் தெரிகின்றது. ஆதலின், 'பார்வை நன்றாகத்தானே இருக்கின்றது' என்னும் என் பழைய சொல்லை நீங்கள் சொல்லாதிருங்கள். ஆண்டுக்கொரு முறையேனும், கண்மணியை விரியச் செய்து விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள முதியோரையும் அழைத்துச் செல்லுங்கள். காலத்தே கண்டால், வைத்தியர் கையில் இன்று வழியுண்டு.

நன்மைக்கென முளைக்கும் குழாயும் அளவு தப்பினால் கண்ணைக் கெடுக்கும். அந்த அளவைக் காப்பது, செய்தியை வாங்கி உள்ளே சொல்லும் வாங்கி மட்டுமன்று. வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளும் வாங்கியுங்கூட. முப்பது ஆண்டுகள் மாணவரை 'எழுந்து செய்' என்று ஏவிவந்த எனக்கு, 'அடங்கியிருப்பதும் தொழிலே' என்பதை ஒரு புரதத் துண்டு கற்பித்தது.